வெல்லப்பாகு ரத்தமும் ஒரு ‘ஏ’ சர்டிபிகேட்டும்

சென்னையில் ஒரு டீக்கடை வாசலில் நானும் சாமுவேலும் குதித்த குதியைப் பார்த்து, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஒரு பள்ளிக்கூட டீச்சர். பக்கத்தில் தோளில் லேப்டாப் பை மாட்டிய ஒரு தாடிக்காரன். இவர்களுக்கு அப்படி என்ன லாட்டரி விழுந்துவிட்டது என்று அவர் யோசித்திருப்பார்.

லாட்டரிதான். நாங்கள் எடுத்த பேய்ப்படத்தைத் தணிக்கைக் குழு அன்று காலையில் பார்த்திருந்தது. படம் ஓடும்போது எங்களை உள்ளே விடவில்லை. சாமுவேல் வெளியே பெஞ்சில், பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கிற புருஷனைப் போல நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் கூப்பிட்டார்கள். வெட்டு எதுவும் இல்லாமல் அப்படியே வேண்டுமென்றால் ‘ஏ’. ‘யூஏ’ வேண்டுமென்றால் ஒரே ஒரு காட்சியில் இருக்கும் ரத்த ஷாட்டுகளை எடுத்துவிட வேண்டும். எது வேண்டும் என்று நிதானமாக யோசித்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள். குழுவில் இருந்த ஓர் அம்மாள் கிளம்பும்போது, “நல்லாவே பயந்தோம்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்களைப் போன்ற ஆட்களுக்கு ‘ஏ’ என்பது பத்மஸ்ரீ மாதிரி.

உடனே பொள்ளாச்சிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பரமேஸ்வரி அண்ணி. எங்கள் படத்தில் பேயாக நடித்த திருமூர்த்தி அண்ணனின் மனைவி. ஷூட்டிங் முடிந்த சில வாரங்களிலேயே அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். எடிட் செய்த படத்தை அவர் பார்க்கவே இல்லை. அதனால் நல்ல செய்தி எதுவானாலும் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

“அண்ணி, ஏ குடுத்துட்டாங்க! அண்ணன் ஆசைப்பட்ட மாதிரியே!”

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுவது கேட்டது. அதை நிறுத்திவிட்டு வந்து அண்ணி கேட்டார்.

“‘ஏ’ன்னா பெரியவங்க மட்டும் பாக்கறதுதானுங்க அம்மணி? அப்ப நம்ம தாரணி பாக்க முடியாதுங்களா?”

தாரணி அண்ணனின் ஒரே மகள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

“என்னக்கா, சந்தோசத்துல அழுகறாங்களா?” என்று சாமுவேல் பக்கத்தில் நின்று என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தான்.

மேட்னிக்கு மூன்று டிக்கெட்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “டீச்சர், உண்மையிலேயே நீங்கள் பேயை நம்புகிறீர்களா?” நம்புவதில்லை, அம்மா. உயிரியல் பாடம் நடத்தும் நான் எப்படி நம்புவேன்? ஆனால் பொழுது சாய்ந்த பிறகு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கத் தனியாகப் போவதும் இல்லை. இரண்டும் என்னிடம் சண்டை போடாமல் குடித்தனம் நடத்துகின்றன.

பேய்ப்படப் பைத்தியம் எனக்குக் கல்லூரியிலேயே பிடித்தது. கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. என் கணவர் ஒரே ஒரு முறை என்னோடு வந்தார். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போகிறேன் என்று போனவர் பைக்கை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் கணபதியில் உள்ள எங்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் போய்வந்தேன்.

தனியாகப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள அதிக நாள் ஆகாது. சனிக்கிழமை மேட்னி, டப்பிங் பேய்ப்படம், முக்கால்வாசி காலி இருக்கை. முன் வரிசையில் தாடி வைத்த ஒரு பையன். பின்னால் வெள்ளை வேட்டியும் அரைக்கை வெள்ளைச் சட்டையுமாக ஒரு பொள்ளாச்சிக்காரர். எந்தப் பேய்ப்படம் வந்தாலும் இந்த இரண்டு தலைகளும் இருக்கும். ஒரு நாள் பேய் திடீரென்று கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தபோது, பின்னாலிருந்து என் தலையில் ஒரு முழுப் பொட்டலம் முறுக்கு வந்து விழுந்தது.

“தப்பா நெனைச்சுக்காதீங்க டீச்சர், கை உதறிப்போடுச்சு” என்றார் அந்தப் பொள்ளாச்சிக்காரர். நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “படம் ஆரம்பிக்கறதுக்கு முந்தி முன்னாடி சீட்டுல காலைத் தூக்கி வெச்ச பசங்களை ஒரு பார்வை பாத்தீங்களே. நாலு காலும் கீழ வந்துருச்சுங்க” என்றார்.

அவர்தான் திருமூர்த்தி அண்ணன். தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் வைத்திருந்தார். அதாவது, தேங்காயை உடைத்து வெயிலில் காயப்போடும் சிமென்ட் முற்றம். வாரம் முழுவதும் வியாபாரம், சனிக்கிழமையானால் கோயமுத்தூர் பஸ். தாடிக்காரன்தான் சாமுவேல். உக்கடத்தில் வளர்ந்தவன், கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே மாடியில் ஒரு ரூம் பிடித்துக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா சர்ச்சில் அவனுக்காகத் தனியாக ஜெபம் பண்ணுவாராம், இந்தப் பேய்ப்படப் பழக்கத்தை அவன் விட வேண்டும் என்று. இதுவரை பலிக்கவில்லை.

சர்டிபிகேட்டுக்கு முன்னால் சீட்டில்

எங்கள் மூவர் கட்சிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. திரையில் தணிக்கைச் சர்டிபிகேட் வருவதற்கு முன்னால் சீட்டில் இருக்க வேண்டும். அதைத் தவறவிட்டவருக்குப் படத்தைப் பற்றி வாய் திறக்க உரிமை கிடையாது. இடைவேளை பப்ஸும் அவர் கணக்கில்.

மற்றவர்களுக்கு அது சும்மா ஒரு காகிதம். எங்களுக்கு அதுதான் படத்தின் ஜாதகம். ‘யூ’ என்று வந்தால் பேய் கடைசியில் கனவு என்று சொல்லிவிடுவார்கள். ‘யூஏ’ என்றால் பேய் உண்டு, ஆனால் நகம் வெட்டிய பேய். ‘ஏ’ வந்துவிட்டால் திருமூர்த்தி அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார் பாருங்கள், டிக்கெட் கிழிப்பவர் உள்ளே எட்டிப் பார்ப்பார். இப்போது யூஏவையே ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள். “பள்ளிக்கூடம் மாதிரி செக்சன் பிரிச்சுப்போட்டாங்க டீச்சர், உங்களுக்கு வசதிதான்” என்பார் அண்ணன்.

எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது இன்னொரு விளையாட்டு. பின்னணி இசை ஓர் இடத்தில் தாவிக் குதிக்கும். சாமுவேல் உடனே தொடையில் தட்டி, “இங்க ஒரு தலை போயிருக்குக்கா” என்பான். ஒரு படத்தில் பேய் சுருட்டுப் பிடித்தபடி கிணற்றிலிருந்து ஏறி வந்தது. கீழே ஓரத்தில், புகைப்பிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு என்று எழுத்து. “செத்தவனுக்கு இனி என்னங்க கேடு?” என்று அண்ணன் சத்தமாகக் கேட்க, பயந்துபோய் உட்கார்ந்திருந்த தியேட்டர் மொத்தமும் சிரித்துவிட்டது. அந்தப் படத்தின் கிளைமாக்ஸுக்கு யாரும் பயப்படவில்லை. அந்தப் பாவம் அண்ணனைத்தான் சேரும்.

இதற்காக நான் தணிக்கைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். டீச்சர் வேலையும் ‘ஏ’ படப் பைத்தியமும் ஒரே உடம்பில் இருப்பது லேசான காரியம் இல்லை. ஒருமுறை, பேய்ப் பொம்மை வருகிற ஓர் அடல்ஸ் ஒன்லி படத்தில், எனக்கு இரண்டு வரிசை முன்னால் என் பிளஸ் டூ மாணவன் ஒருவன். மீசையை மையால் கறுப்பாக்கிக்கொண்டு வந்திருந்தான். இடைவேளை விளக்கு எரிந்ததும் அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இருவரில் யார் அதிகம் வெளிறினோம் என்று தெரியவில்லை. அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, வரும்வரை வாசலில் நின்று ஒப்படைத்தேன். உள்ளே போனால் படத்தில் பாதிப் பேர் செத்திருந்தார்கள். யார் எப்படிச் செத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் இப்போது குழந்தை குட்டியோடு இருக்கிறான். எங்கே பார்த்தாலும், “இன்டர்வெல்லுக்கு அப்புறம் அந்தப் பொம்மை என்னாச்சுங்க டீச்சர்?” என்று கேட்கிறான்.

எறும்பு நடித்த காட்சி

எத்தனை வருஷம்தான் அடுத்தவர் படத்தையே குறை சொல்லிக்கொண்டிருப்பது என்று ஒரு நாள் சாமுவேலுக்கு ரோஷம் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற படமாக, ‘உலர்களம்’ என்று ஒரு கதை எழுதினான். கொப்பரைக் களத்தை வாங்க வருகிறாள் ஒரு பெண். அதை விட்டுப் போக மனசில்லாமல், செத்த பிறகும் அங்கேயே இருக்கிறார் பழைய ஓனர். அவ்வளவுதான் கதை. களம் கொடுத்தவர் திருமூர்த்தி அண்ணன். பேயாகவும் அவரே நடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“எனக்கு வசனமெல்லாம் வேண்டாம் தம்பி. ரத்தம் மட்டும் நெறையா வேணும். நம்ம படம் ஏ வாங்கோணும். யூ கீது வந்துச்சுன்னா நான் தலையில துண்டைப் போட்டுட்டு நடந்தே பழனிக்குப் போயிருவேன், சொல்லிப்போட்டேன்.”

ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகும் கலர் பொடியும் போதும் என்றான் சாமுவேல். பொள்ளாச்சிக்காரரிடம் போய்ச் சர்க்கரை என்று சொல்லலாமா? “நம்மூர் வெல்லம் இருக்கையில சர்க்கரை எதுக்குங்க?” என்று அண்ணன் ஓர் அண்டா வெல்லப்பாகு காய்ச்சிக் கொண்டுவந்துவிட்டார். சிவப்பு கலந்ததும் நிஜமாகவே அசல் ரத்தம். கொழகொழவென்று, கறுத்துச் சிவந்து. தலையோடு ஊற்றி, கையில் தேங்காய் உரிக்கும் பாரையைக் கொடுத்துக் களத்து நடுவில் நிறுத்தினோம்.

தென்னந்தோப்பில் எறும்புக்குப் பஞ்சமா? ஊர் எறும்பு மொத்தமும் கிளம்பி வந்தது. கட்டெறும்பு. அண்ணன் சட்டைக்குள் புகுந்து, கழுத்தில் ஏறி, காது வரைக்கும் போயிற்று. கேமரா ஓடுகிறதே என்று மனுஷன் அசையாமல் பல்லைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, முகம் கோணிற்று, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சாமுவேல் கட் சொன்னதும் அண்ணன் பாரையை வீசிவிட்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்தார்.

படத்தில் அவர் முகம் தெரிவது அந்தக் காட்சியில் மட்டும்தான். மற்ற இடங்களில் முதுகும் கையும் காலடிச் சத்தமும்தான். பேயின் முகத்தைக் கடைசிவரை காட்டக் கூடாது என்பது எங்கள் மூவரின் பல வருட ஆராய்ச்சி முடிவு.

ஏ வாங்குவதற்காகவே ஊற்றிய ரத்தம் அது. அதன்படியே ஏ வந்தும்விட்டது. ஆனால் தியேட்டர் கதவுக்கு வெளியே யார் நிற்பார்கள் என்று எங்களில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை. பேய்ப்பட ரசிகர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு மடத்தனத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

இவர் இருந்தால் அவள் இல்லை, அவள் வந்தால் இவர் இல்லை

சென்னையில் எதையும் எழுதிக் கொடுக்காமல், யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பிவிட்டோம். ரயில் ஈரோடு தாண்டியதும் சாமுவேல் சண்டையை ஆரம்பித்தான்.

“அந்த ஷாட்டை எடுத்துட்டா படத்துல என்னக்கா இருக்கும்? அண்ணனே ‘ஏ’தான் வேணும்னு சொன்னாரு.”

“அண்ணன் ஏ கேட்டாரு. மகளை வெளிய நிறுத்தச் சொல்லிக் கேட்டாரா?”

“சரி, எடுத்துடறோம். யூஏ வாங்கறோம். தாரணி உள்ள வந்து உக்காருவா. எதைப் பாப்பா? முதுகையா?”

அவன் சொன்னதும் சரிதான். வெட்டாவிட்டால் அப்பா திரையில் இருப்பார், மகள் உள்ளே வர முடியாது. வெட்டினால் மகள் உள்ளே வருவாள், அப்பாவின் முகம் திரையில் இருக்காது.

பொள்ளாச்சியில் ஒரு தியேட்டர்காரர், அண்ணனுக்குப் பழக்கமானவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவரிடம் போய் சாமுவேல் கெஞ்சினான். ஏ சர்டிபிகேட்டாகவே இருக்கட்டும், அந்தப் புள்ளையை மட்டும் பின்வாசல் வழியாக விட்டுவிடுங்கள் என்று.

“முடியாதுங்க தம்பி” என்றார் அவர். “திருமூர்த்தி எனக்கும் சிநேகிதந்தானுங்க. ஆனா இன்னைக்கு இந்தப் புள்ளைக்குத் தொறந்தா நாளைக்கு எல்லாப் புள்ளைக்கும் தொறக்கோணும்.” டீச்சரான என்னைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்க” என்றார். மையால் மீசை வரைந்த பையனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தவள் நான். என்னத்தைச் சொல்ல? அவர் சொல்வதுதான் நியாயம் என்றேன். சாமுவேல் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்காமல் விடுகிறேன்.

அண்ணி வீட்டுக்குப் போனோம். லேப்டாப்பில் போட்டுக் காட்டிவிடலாமே என்று நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன். தாரணி கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“சின்னதாப் பாக்கறதுக்கு ஊட்டுல போட்டோ இருக்குதுங்க அம்மணி” என்றார் அண்ணி. “தெனமும் பாத்துட்டுதான இருக்கறோம். அவரு ஷூட்டிங் போயிட்டு வந்து இவகிட்ட என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியாது. ‘கண்ணு, அப்பன் தியேட்டர்ல பனைமரம் ஒசரத்துக்கு வருவேன், நீ எந்திரிச்சு நின்னு பாக்கோணும்’னு சொன்னாரு. அவ அதைத்தான் பாக்கோணும்ங்கறா.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம், விடுங்க அத்தை” என்றாள் தாரணி, நோட்டைப் பார்த்தபடியே. பென்சில் முனை உடைந்திருந்தது. அதை வைத்தே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நிறுத்தாத கேமரா

மறுநாள் பள்ளி விட்டதும் சாமுவேலின் ரூமுக்குப் போனேன். கீழே லேத் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. மேலே ஒரு கல்யாண ஜோடி கம்ப்யூட்டர் திரையில் ஸ்லோமோஷனில் மாலை மாற்றிக்கொண்டிருந்தது. இவன் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணனோட எல்லா ஷாட்டையும் போடு” என்றேன்.

“மொகம் தெரியற எல்லாத்துலயும் ரத்தந்தான்க்கா.”

“வேஸ்ட்டையும் சேத்துப் போடு.”

கல்யாண வீடியோக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கேமராவைக் கையில் எடுத்தால் நிறுத்தமாட்டார்கள். தாலி கட்டுவதை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாதே! விளக்கை நகர்த்தும்போதும் ஓடும், ஐயர் தண்ணீர் குடிக்கும்போதும் ஓடும். எடுத்ததை அழிக்கவும் மாட்டார்கள். ஏனென்று ஒருமுறை கேட்டதற்கு சாமுவேல் சொன்னான்: “பத்து வருசம் கழிச்சு வந்து, எங்க மாமா பந்தியில சாப்பிட்டது இருக்குதாப்பான்னு கேப்பாங்கக்கா. மாமா போயிருப்பாரு.”

பேய்ப்படம் எடுக்கும்போதும் அவன் அதே கைதான். ஒரு மணி நேரப் படத்துக்கு மலை மலையாக வேஸ்ட். கோழி குறுக்கே ஓடுவது, நான் தொப்பி போட்டுக்கொண்டு அசடு வழிவது, அண்ணி தூக்குவாளியில் மோர் கொண்டுவருவது. அதற்கு நடுவில் ஓர் இடத்தில் நான் “நிறுத்து, இதை முழுசாப் போடு” என்றேன்.

வெல்லப்பாகு ஊற்றுவதற்கு முன்னால் எடுத்தது. வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சாமுவேல் அண்ணனைக் களத்து மூலையில் தென்னை மரத்தடியில் நிற்கச் சொல்லியிருக்கிறான். “அசையாதீங்கண்ணா” என்று இவன் குரல் கேட்கிறது. அப்புறம் எதையோ எடுக்கப் போனவன் மறந்தேபோய்விட்டான். அண்ணன் அசையவில்லை. சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷன். வெள்ளை வேட்டி, அரைக்கை வெள்ளைச் சட்டை. பட்டப்பகல் வெயில். களம் முழுக்க வாய் பிளந்து காயும் தேங்காய் மூடிகள். அவற்றுக்கு அந்தப்புறம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்கூடச் சிமிட்டவில்லை. காற்றில் வேட்டி மட்டும் லேசாக ஆடுகிறது.

எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் எந்தப் பேய்ப்படமும் என்னை அப்படிச் செய்ததில்லை. சாமுவேலும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டான்.

அப்புறம் திரையில் அண்ணன் மெதுவாக, உதடு மட்டும் அசைய, “ஆச்சுங்களா தம்பி?” என்றார். நான் அழுதுவிட்டேன். அவனும்தான்.

படத்தில் ஏற்கெனவே ஒரு வசனம் இருந்தது. களத்தில் வேலை செய்யும் பெரியவர், வாங்க வந்த பெண்ணிடம், “ஓனரு எப்பவும் அந்த மரத்தடியிலதானுங்க நிப்பாரு, வெள்ளையும் சொள்ளையுமா” என்று சொல்வார். அதனால் மரத்தடியில் இவரைக் கண்டதும் யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரத்தம் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இந்த நிற்கும் ஷாட்டை வைத்தான் சாமுவேல். பின்னணி இசையையும் எடுத்துவிட்டான். மாற்றியதை மறுபடி சென்னையில் காட்டினோம். யூஏ பதினாறு கிடைத்தது. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்கள் பார்த்து, கூட்டி வரலாம்.

இந்தத் தடவை டீக்கடையில் யாரும் குதிக்கவில்லை. எங்கள் கட்சி சரித்திரத்தில் யூஏ வாங்கி நிம்மதியானது அன்றுதான்.

ஞாயிறு காலைக் காட்சி

கூட்டி வர வேண்டிய பெரியவர் யார்? பரமேஸ்வரி அண்ணி. டிவியில் பேய்ப்பட விளம்பரம் வந்தாலே சேனலை மாற்றுகிறவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணனோடு ஒரு பேய்ப்படம் பார்த்ததில்லை. அன்றைக்கு முருகன் கோயில் திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்தார்.

“எதுக்குங்க அண்ணி பழம்?”

“பேய்ப்படந்தானுங்க அம்மணி. இருக்கட்டும்.”

தோப்பில் வேலை செய்கிறவர்கள், கொப்பரை வியாபாரிகள், தாரணியின் டியூஷன் டீச்சர், சும்மா போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்த கல்லூரிப் பிள்ளைகள் என்று தியேட்டர் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. தெரிந்தவர்கள் திருமூர்த்தியைப் பார்க்க வந்தவர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அவர் யாரோ. ரத்தமில்லாத ஒரு வேட்டிக்காரரைப் பார்த்து அவர்கள் சிரித்துவிட்டால்? மகள் முன்னால் அது நடந்துவிட்டால்? அண்ணிக்கும் எனக்கும் நடுவில் தாரணி. சாமுவேல் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டான்.

சர்டிபிகேட் வந்தது. போயிற்று. படம் ஓடியது. அண்ணி முதல் காட்சியிலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், “முருகா” என்றார். தாரணி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் பாப்கார்ன் மென்றபடி ஏதோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள். எனக்கு எழுந்துபோய் ஒரு பார்வை பார்க்கலாமா என்று இருந்தது.

திரையில், களம் வாங்க வந்த பெண் கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்புகிறாள். இசை இல்லை. வெயில். தேங்காய் மூடிகள். மூலையில் தென்னை மரம்.

அங்கே நின்றார்.

அவர் சொன்ன மாதிரியே, பனைமர உயரத்துக்கு.

தியேட்டரில் யாரோ “அய்யோ” என்றார்கள், பின்னால் ஓர் அலறல், அதைத் தொடர்ந்து இன்னும் பல. கல்லூரிப் பெண்களில் ஒருத்தி பாப்கார்னைக் கொட்டிவிட்டு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். எத்தனையோ படத்துக்கு அசையாத கொப்பரை வியாபாரி ஒருவர் சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். நானும், எடிட் ரூமில் நூறு தடவை பார்த்த நானும், கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தபோது, பரமேஸ்வரி அண்ணி முந்தானையை இறக்கியிருந்தார். நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல் பட்டனைப் போடாமயே நிக்கறாரு பாரு” என்றார், வீட்டில் சொல்வது போலவே.

தாரணி எழுந்து நின்றிருந்தாள். முகம் முழுக்கத் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. பின்னால் அந்தக் கல்லூரிப் பெண் இன்னும் தலையைத் தூக்கவில்லை. தாரணி திரும்பி, சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி அவள் தலையைத் தொட்டாள்.

“பயப்படாதீங்கக்கா” என்றாள். “அது எங்கப்பா.”